கடைசிக் கிறிஸ்துமஸ் பணித்தளத்திலா, மகள் வீட்டிலா?

வாசகர் கேள்வி:

திருநெல்வேலி மாவட்டத்துக்காரன் நான். 1993இல் திருமணமான கையோடு மனைவியுடன் ராஜ்மகால் மலைக்கு மிஷனரியாக வந்தேன். அப்போது இது பீகார், இப்போது ஜார்க்கண்ட். மால்டோ பேசும் பஹாடியா மக்கள் மத்தியில்தான் எங்கள் ஊழியம் முழுக்க நடந்தது. வரும் மார்ச் 31 அன்று பணி ஓய்வு. எங்கள் இடத்துக்கு ஜூலையிலேயே ஓர் இளம் தம்பதி வந்துவிட்டார்கள். இது எங்களுக்கு இங்கே கடைசிக் கிறிஸ்துமஸ். மதுரையில் இருக்கும் என் மகள், "அந்த ஜனங்களுக்கு இத்தனை கிறிஸ்துமஸ் குடுத்தீங்க, எனக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதாப்பா?" என்று கேட்கிறாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து விடுதியில் படித்த பிள்ளை. பதில் சொல்ல வாய் வரவில்லை. என் மனைவி, "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்கிறாள். கிராமத்தில் ஓய்வு விஷயம் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, பண்டிகை முடியட்டும் என்று இருக்கிறேன். சபை மூப்பர் ஒருவரோடு ஆலய நில விஷயத்தில் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை, அதுவும் உறுத்துகிறது. சில வாரங்களாக விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறேன். பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகும் சத்தம் கேட்டால் சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சல் வருகிறது. விசுவாசத்தில் தளர்ந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. எங்கே இருப்பது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சாகிப்கஞ்ச் மாவட்டம்

ஆலோசகர் பதில்:

அன்புள்ள ஐயா,

நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் சுற்றி வளைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மலையில் இருங்கள். புத்தாண்டுக்கு மகள் வீட்டில் இருங்கள். அதை எப்படிச் செய்வது என்று பின்னால் எழுதுகிறேன். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்வி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "கிராமத்தில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை" என்று, அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. அதைப் பண்டிகைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில், அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஜூலையில் புதுத் தம்பதி வந்து இறங்கியிருக்கிறார்கள். நீங்கள் பெட்டி எதுவும் கட்ட ஆரம்பித்திருந்தால் அதையும் பார்த்திருப்பார்கள். தெரிந்தும் நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். இப்படி இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் நடப்பதில் இருக்கிற களைப்பு சாதாரணக் களைப்பு இல்லை.

இன்னொன்று, உங்கள் மலைக்கே உரியது. வேலைக்கு வெளியூர் போன பையன்கள் வருடத்தில் ஒருமுறை ஒன்றாகத் திரும்பி வருவது கிறிஸ்துமஸுக்குத்தான். பண்டிகை முடிந்ததும் மறுபடி கிளம்பிவிடுவார்கள். சிலர் வங்காளத்து வயல்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும், சிலர் கேரளா, டில்லி என்று. நீங்கள் கையில் தூக்கி வளர்த்த பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். ஜனவரியில் சொல்லலாம் என்று விட்டால், மார்ச்சில் உங்களை வழியனுப்ப வயதானவர்களும் குழந்தைகளும்தான் மிஞ்சுவார்கள். அந்தப் பையன்களுக்குச் செய்தி போனில் போகும். "கிறிஸ்துமஸ் அன்னைக்கு எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டாரே, ஒரு வார்த்தை சொல்லலையே" என்ற வருத்தம் அவர்களுக்குக் கடைசிவரை இருக்கும். சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று நீங்கள் மறைத்தது, பிறகு அவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தையே சந்தேகமாக்கிவிடும்.

எப்படிச் சொல்வது? ஆலயத்தில் எழுந்து நின்று திடுதிப்பென்று அறிவிக்க வேண்டாம். உள்ளூர்ப் போதகரையும் மூப்பர்களையும் ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு அழைத்து முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்து வரும் ஞாயிறு சபையில் சொல்லுங்கள். இந்தியில் வேண்டாம், மால்டோவில் சொல்லுங்கள். அறிவிப்பு சின்னதாக இருக்கட்டும். போகிற தேதி, போகிற காரணம், உங்களுக்குப் பிறகு பொறுப்பு யாருக்கு, உங்கள் கையில் இருப்பது எல்லாம் என்ன ஆகும் என்பது தெளிவாக இருந்தால் போதும். காரணத்தை விட்டுவிடாதீர்கள். வயது வரம்பு என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கு, யாரோ உங்களைத் துரத்துகிறார்கள் என்றோ தங்கள் மேல் வருத்தம் என்றோ தோன்றலாம். மருந்துப் பெட்டி யார் கையில், விடுதியில் சேர்த்த பிள்ளைகளுக்குக் கட்டணம் யார் கட்டுவது, இதெல்லாம்தான் அவர்கள் கேட்கத் தயங்குகிற கேள்விகள். "கர்த்தருக்குச் சித்தமானால் அடிக்கடி வருவேன்" என்று மட்டும் முடிக்காதீர்கள். நம் ஆட்களுக்கு அது ஒரு வசதியான நழுவல். வருவதாக இருந்தால் எப்போது என்று சொல்லுங்கள். இல்லையென்றால் சும்மா இருங்கள்.

அந்த மூப்பர் விஷயம். அவரையும் அந்தச் சாயங்காலத்துக்குச் சேர்த்து அழைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆகாது. அதற்கு முன்னால் ஒருநாள் தனியாக அவர் வீட்டுக்கு நீங்கள் நடந்து போக வேண்டும். போதகரைச் சாட்சிக்குக் கூட்டிப்போகாதீர்கள். நிலத்தில் யார் சொன்னது சரி என்ற வழக்கை மறுபடி திறக்காதீர்கள். ஆறு வருடத்தில் தீராதது ஒரு டீயில் தீராது. "மார்ச்சில் போகிறேன், உங்களோடு பேசாமல் போக மனசில்லை" என்றால் போதும். அவர் முகம் கொடுக்காமலும் இருக்கலாம். அப்படியே இருந்தாலும் நீங்கள் போனது ஊருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

டேவிட் பொல்லாக் என்ற அமெரிக்கர், ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களோடு, முக்கியமாக மிஷனரிப் பிள்ளைகளோடு, நெடுங்காலம் வேலை செய்தவர். ஓர் இடத்தை விட்டுப் போகிறவர் செய்ய வேண்டியது நான்கு என்பார். மனத்தாங்கல்களைத் தீர்ப்பது, நன்றியைச் சொல்வது, முறையாக விடைபெறுவது, போகிற இடத்தைப் பற்றி நினைக்கத் தொடங்குவது. நம்மவர்கள் நன்றியையும் விடைபெறுதலையும் பிரமாதமாகச் செய்வார்கள், சால்வை, நினைவுப்பரிசு, போட்டோ என்று. முதலாவதையும் கடைசியையும் தொடவே மாட்டார்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். பாட்டுச் சத்தம் எரிச்சல் தருவது விசுவாசக் குறைவு இல்லை. பிரிவு நடப்பதற்கு முன்பே அதன் துக்கம் தொடங்கிவிடுவது உண்டு. அதை வெளியே சொல்லவும் வழியில்லாமல் பூட்டி வைத்தால் எரிச்சலாகத்தான் வெளிவரும். சொன்ன பிறகு பாதி இறங்கிவிடும் என்பது என் கணிப்பு. ஆனால் ஒன்று: விடியற்காலை விழிப்பு, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் "சில வாரங்களாக" என்று எழுதியிருப்பதால் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். ராஞ்சியில் காங்கேயில் மத்திய மனநல மருத்துவ நிறுவனம் இருக்கிறது, 1918இலிருந்து நடக்கிற இடம். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மலேரியா பூமியில் இத்தனை வருடம் இருந்த உடம்பு. சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை எதுவும் சோர்வாகத் தலைகாட்டும். எல்லாவற்றையும் ஆவிக்குரிய போராட்டம் என்று எழுதிவிடக் கூடாது.

சரி, கிறிஸ்துமஸ் நாளைப் பற்றி. அன்று பிரசங்கம் நீங்கள் செய்யாதீர்கள். பிரசங்கம் உள்ளூர்ப் போதகர் கையில் இருக்கட்டும், நிகழ்ச்சிப் பொறுப்பு புதுத் தம்பதி கையில் இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு ஊரை விட்டு வந்து இதுதான் முதல் கிறிஸ்துமஸ் என்பதை மறந்துவிடாதீர்கள். முந்திரிக்கொத்தும் அதிரசமும் இல்லாத, விடியற்கால ஆராதனைக்குப் பட்டுச்சேலை சரசரக்காத கிறிஸ்துமஸ். 1993இல் உங்கள் மனைவிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் புரியும். நீங்கள் இருவரும் ஜனங்களோடு பாயில் உட்காருங்கள். மேளம் அடித்து இரவெல்லாம் ஆடுகிறவர்கள் கையைப் பிடித்து இழுத்தால் முட்டிவலியைச் சாக்குச் சொல்லாமல் ஒரு சுற்று போய் வாருங்கள். ஏதாவது சொதப்பினால், மைக் வேலை செய்யாவிட்டால், சாதம் குழைந்துவிட்டால், எழுந்து ஓடாதீர்கள். ஊர் ஒவ்வொன்றுக்கும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். நீங்கள் புதியவர் முகத்தைப் பாருங்கள், ஊரும் அங்கே பார்க்கும். இது மார்ச் 31 அன்று ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை, பண்டிகையில் தொடங்கினால்தான் மார்ச்சில் முடியும்.

உங்களுக்கு அன்று சும்மா உட்காரக் கஷ்டமாக இருந்தால் வேறொரு வேலை தருகிறேன். போனில் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். கிறிஸ்தவப் பாட்டு மட்டும் இல்லை, கிழவிகளுக்குத் தெரிந்த பழைய மால்டோப் பாட்டுகளையும். பாடுகிறவர் பெயர், கிராமம், என்ன சமயத்தில் பாடுவது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அவர்கள் சம்மதத்தோடு. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் வருடப் பதிப்பில் ராஜ்மகால் மொழியையும், அதாவது மால்டோவையும், தமிழோடு சேர்த்துத் திராவிட மொழிகளில் ஒன்றாக வைத்தார். 1884இல் எர்னஸ்ட் ட்ரோஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி மால்டோவுக்கு இலக்கணம் எழுதினார். இந்த மொழியைச் சரளமாகப் பேசுகிற திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஊருக்கு வந்தபின் "இனி நான் யார்" என்ற கேள்வி வரத்தான் செய்யும். அப்போது கையில் வேலை இருக்க வேண்டும்.

இதில் இரண்டு பெரியவர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். கால்டுவெல் 1838இல் இந்தியா வந்தவர். ஐம்பது வருடத்துக்கு மேல் உழைத்து 1891 ஜனவரியில்தான் பொறுப்பை விட்டார். கொடைக்கானலில் ஓய்வு, அதே ஆகஸ்டில் மரணம். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இதை நம் சபைகளில் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கு அவ்வளவு பெருமையாகத் தோன்றவில்லை. ஜி. யு. போப் இங்கிலாந்துக்குத் திரும்பியபின் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது, திருவாசகம் 1900இல், எண்பது வயதில். அவருக்குப் பணித்தளம் முடிந்தது, மொழி முடியவில்லை. உங்கள் வயது அறுபதை ஒட்டித்தானே இருக்கும்?

இனி மகள். இந்தக் கடிதத்தில் எனக்குக் கனமாக இருந்தது அவர் கேட்ட கேள்விதான்.

விடுதியில் வளர்ந்த மிஷனரிப் பிள்ளைகளோடு நான் நிறையப் பேசியிருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் பெற்றோர்மேல் கோபமாக இருப்பதில்லை. கோபப்பட உரிமை இல்லை என்று நினைக்கிறார்கள், சிக்கலே அங்கேதான். அப்பா செய்வது கடவுளின் வேலை, அதோடு யார் போட்டி போடுவது? டிசம்பரில் பெட்டியை எடுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் கிளம்புவதை வாசலில் நின்று பார்த்தது, லீவுக்கு அத்தை வீட்டில் போய் அடக்க ஒடுக்கமாக இருந்தது, எல்லாவற்றையும் "எங்க அப்பா அம்மா மிஷனரி" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். உங்கள் மகள் இப்போது வாய் திறந்து கேட்டிருக்கிறார். அது நல்ல அடையாளம். உங்களிடம் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் வசனத்தில் பதில் சொல்லாதீர்கள். குடும்பத்தைவிட இயேசுவே பெரிது என்கிற "தகப்பனையாவது தாயையாவது" வசனத்தைத் தொடங்கினீர்களானால் அதோடு அந்தக் கதவு சாத்திவிடும். "உனக்காகவும்தான்மா செய்தோம்" என்றும் சொல்லாதீர்கள். அவர் கணக்குக் கேட்கவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுக்காமல் நீங்களே தனியாகக் கூப்பிட்டு, விடுதி நாட்களின் டிசம்பர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் இருங்கள். அழுதால் அழட்டும். பிறகு "கஷ்டப்படுத்திட்டோம்மா, மன்னிச்சுக்கோ" என்பதோடு நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் ஓர் "ஆனா" வந்தால் முன்னால் சொன்னது செல்லாது.

அதற்கப்புறம் ஒன்று கேட்டுப்பாருங்கள்: "இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ இங்க வர முடியுமா?" மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. ஐந்தாம் வகுப்புக்குப் போகும்வரை அது அவருடைய ஊர். சுனையில் தண்ணீர் எடுத்தது, மால்டோவில் சண்டை போட்டது எல்லாம் அங்கேதான். விடுதிக்குப் போனபோது அவர் அந்த மலையிடம் விடைபெற்றிருக்க மாட்டார். பத்து வயதில் யார் அதைச் செய்ய வைப்பார்கள்? மார்ச்சுக்குப் பிறகு அந்த வீடு வேறொருவர் வீடு. நீங்கள் மட்டும் மலையை விட்டுப் போகவில்லை, அவரும்தான். வந்தால் தம் குழந்தைகளுக்கு அதைக் காட்டுவார். வரமுடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். லீவு, டிக்கெட், குளிர், மாமியார் வீடு என்று ஆயிரம் இருக்கும்.

வரவில்லையென்றால் நீங்கள் போங்கள். 27ஆம் தேதி கிளம்பினால் 28 காலை ஹவுரா, அன்றிரவு சென்னை மெயில், 30 விடியலில் சென்னை, அன்றிரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் 31 காலை மதுரை. ஹவுரா–கன்னியாகுமரி வண்டி மதுரை வழியாகவே போகிறது, ஆனால் வாரத்துக்கு ஒருமுறைதான், உங்களுக்கு நாள் ஒத்துவருகிறதா பாருங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பண்டிகைக்கால வண்டிகள் அன்றே நிரம்பிவிடும். வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி மகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள், டிக்கெட் உறுதியானபின் சொல்லுங்கள். 31ஆம் தேதி இரவு ஆராதனைக்கு அவர் சபையில், அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆயரிடம் முன்கூட்டியே போன் செய்து, "நான் அன்றைக்கு வெறும் அப்பாவாகத்தான் வருகிறேன், மேடைக்குக் கூப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சாட்சி சொல்லச் சொன்னால் மறுக்க மாட்டீர்கள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.

ஜனவரியிலும் கவனம். ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் உங்களைத் தாங்குகிற சபைகள் கன்வென்ஷன், மிஷனரி ஞாயிறு என்று பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தை மகளுக்கென்று வைத்துக்கொண்டு மலைக்குத் திரும்புங்கள். அந்த வரவேற்பு நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்ற மே மாதம் மாலை போடுவார்கள், ஆகஸ்டில் போன் அடிக்காது. ஊர் திரும்புகிறவர்களுக்கு வெளியூர் போனபோது இருந்ததைப்போலவே இரண்டாம் முறை ஒரு தடுமாற்றம் வரும் என்று கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி 1963லேயே எழுதினார்கள். சொந்த ஊர்தானே, எல்லாம் தெரியுமே என்று போகிறவர்களுக்கு அது கூடுதலாகவே வலிக்கிறது. திருநெல்வேலியில் உங்களுக்கு இந்தியில் கனவு வரும். கடைக்காரர் அண்ணாச்சியிடம் வாய்தவறி இந்தியில் "பையா" என்பீர்கள். போகட்டும், சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றித்தான் குறைவாக எழுதியிருக்கிறீர்கள். மொத்தக் கடிதத்திலும் அவருக்கு ஒரே வாக்கியம்: "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி." அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு அப்படிப் படவில்லை. சாகிப்கஞ்ச் பக்கம் காலா அசார் காய்ச்சல் வாட்டிய வருடங்களில் அங்கே இருந்தவர்கள் நீங்கள். மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நாள்கணக்கில் ஊசிக்கு உட்கார வைத்தது பெரும்பாலும் மிஷனரிகளின் மனைவிமார்தான். உங்கள் வீட்டில் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அவரை "தீதி", அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற பெண்களுக்கு அவர் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கும். உங்கள் பிரிவுபசாரக் கூட்டத்தில் பக்கத்தில் நின்று ஒரு சேலை வாங்கிக்கொள்வது அதற்கு ஈடாகாது. பெண்கள் மட்டும் கூடுகிற ஒரு நாளை அவரே குறிக்கட்டும், நீங்கள் அன்று வேறு கிராமத்துக்குப் போய்விடுங்கள். ஓய்வுக்குப் பின் எங்கே குடியிருப்பது என்றும் அவரிடம் கேளுங்கள். பூர்வீக வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருக்கலாம் என்று நீங்கள் மனதில் முடிவு செய்திருந்தால், அந்தச் சமையலறைக்குள் போகப்போகிறவர் அவர்.

வைப்புநிதி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எதுவரை, இப்போதைய வீட்டை எந்தத் தேதிக்குள் காலி செய்வது என்பதை ஸ்தாபன அலுவலகத்திடம் டிசம்பருக்குள் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பணம் கேட்பது அவிசுவாசம் இல்லை.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடமும் படிக்கக் கொடுங்கள். அவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால், முக்கியமாக அந்த 27ஆம் தேதிப் பயணத்தைப் பற்றி, அவரையே எழுதச் சொல்லுங்கள். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.